முகவரி தீரும் வரை

மலையாள மிதுன மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அடுத்தது கர்க்கடகம், தமிழுக்கு ஆடி. கர்க்கடகத்தில் யாரும் கல்யாணம் பேச மாட்டார்கள். அதனால் திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த நட்சத்திரா கம்ப்யூட்டர் ஜாதகத்தில் ஆட்கள் படிக்கட்டு வரை நின்றார்கள்.

கடை என்பது ஓர் அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. கடை சத்தியநேசனுடையது, திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவர் நெய்யாற்றின்கரைக்காரர், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர். ஜாதகம் கிடையாது, நம்பிக்கையும் கிடையாது. கம்ப்யூட்டர் வாங்கியபோது அதில் என்ன செய்யலாம் என்று நாலு பேரிடம் கேட்டார். நாலு பேரும் ஜாதகம் என்றார்கள்.

புரோகிராம் எழுதியவள் பாகீரதி. கரமனைக்காரி. கணக்கில் எம்.எஸ்ஸி. வெளியூரிலிருந்து தருவித்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தாள். பஞ்சாங்கக் கணக்கை ஒரு ஜோசியரிடம் ஆறு மாதம் கேட்டு எழுதினாள். ஜோசியர் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும் பொருத்தம் இங்கே கால் மணி நேரத்தில் வந்தது. காகிதம் பிரிண்டரிலிருந்து ஊர்ந்து வரும்போது பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

அன்று மதியம் கூட்டம் ஓய்ந்திருந்தது. சத்தியநேசன் டீ வாங்கி வந்தார்.

"பிள்ளே, எனக்கும் என் பெண்ணாட்டிக்கும் ஒண்ணு போட்டுப் பாரு."

"உங்களுக்கு எதுக்கு சார்? கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷம் ஆச்சே."

"எங்க ரெண்டு வீட்டுலயும் சம்மதம் இல்லாத கட்டினதாக்கும். நான் போட்ட கணக்கு சரியான்னு மெஷின் சொல்லட்டும்."

பாகீரதி சிரித்துக்கொண்டே அடித்தாள். முதலில் மனைவியின் பிறந்த நாள், நேரம், ஊர். பிறகு அவருடையது. பிரிண்டர் ஓடியது.

பொருத்தப் பக்கத்தில் எல்லாரும் முதலில் பார்ப்பது பாபசாம்யம். பாபக் கிரகங்கள் நிற்கும் வீடுகளைப் பார்த்துப் பெண்ணுக்கும் பையனுக்கும் புள்ளி போடுவார்கள். இரண்டும் சமமாக இருந்தால் நல்லது. பெண்ணுக்குக் கூடுதலாக இருந்தால் பையனுக்கு ஆகாது என்பார்கள். அந்த ஓர் இடத்தில்தான் பாதிக் கல்யாணங்கள் நின்றுபோகும்.

பெண்: ஏழே முக்கால். பையன்: ஏழே முக்கால்.

"பாத்தியா" என்றார் சத்தியநேசன். "பாதிரியாரு வேண்டாம்னாரு. மாமனாரு அரிவாள் எடுத்தாரு. முக்கால் கூட தப்பாத பொருந்தியிருக்கு."

பாகீரதி சிரிக்கவில்லை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீ ஆறியது.

"என்ன?"

"முக்கால் கூட எப்படி சார் பொருந்தும்?"

"ஏன், பொருந்தக் கூடாதா?"

"நீங்க பாத்துக் கட்டலியே."

சத்தியநேசனுக்குப் புரியவில்லை. அவள் அவரைப் பார்த்துப் பேசவும் இல்லை.

"நான் இதை டெஸ்ட் பண்ணினப்ப எங்க அப்பா அம்மா ஜாதகத்தைப் போட்டேன். சமமா வந்துது. சித்தப்பா சித்தி, சமம். அடுத்த வீட்டு மாமா மாமி, சமம். ஜோசியரும் பாத்துட்டு சரின்னாரு. அவிய எல்லாம் பொருத்தம் பாத்துக் கட்டினவிய. சமமாத்தானே வரும்? புரோகிராம் சரியா இருக்குன்னு நான் நெனச்சேன்."

"சரிதானே?"

"எனக்குத் தெரிஞ்ச எல்லாரும் பொருத்தம் பாத்துக் கட்டினவியதான் சார். பொருத்தம் பாக்காத ஒரு ஜோடி என் கையில இல்ல. நீங்கதான் முதல்."

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பெண் என்ற இடத்தில் தன் பிறந்த நாளை அடித்தாள். பையன் என்ற இடத்தில் மனதில் தோன்றிய தேதியை அடித்தாள். சமம். வேறொரு தேதி. சமம். பெண்ணை மாற்றினாள். மறுபடியும் சமம். சத்தியநேசன் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கீழே போனார். திரும்பி வந்தபோது அவள் புரோகிராமின் ஒரு வரியில் விரல் வைத்திருந்தாள்.

"இதாக்கும்."

"ஒரு வரியா?"

"ஒரு வரி. எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி."

அவள் சொன்னாள். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்த ஊர்ப்பக்கமே சம்பந்தம் செய்கிறவர்கள். பெண் நாகர்கோவிலில் பிறந்திருந்தால் பையனும் அங்கேயோ பக்கத்திலோ பிறந்திருப்பான். ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் ஒன்றுதான். அதை ஏன் இரண்டு தடவை அடிக்க வேண்டும்? அதனால் பெண்ணின் விவரத்தை அப்படியே பையனுக்குக் காப்பி எடுத்து, மாறுவதை மட்டும் மாற்றும்படி எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியால்தான் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"காப்பி எடுத்தா என்ன தப்பு?"

"பேரு, நட்சத்திரம், ஊரு எல்லாம் விவரத்துக்குள்ளயே இருக்கு. அது ரெண்டாச்சு. கிரகங்களை நான் அதுக்குள்ள வைக்கல. வேற இடத்துல வைச்சு, அந்த இடத்தோட முகவரியை மட்டும் இதுல எழுதியிருக்கேன். காப்பி எடுத்தப்ப முகவரிதான் காப்பியாச்சு."

சத்தியநேசன் பெஞ்சில் உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் கீழ இறங்கி வா."

"உங்க ரேஷன் கார்டைப் பாத்து நான் ஒரு கார்டு எழுதுதேன். பேரை மட்டும் மாத்தி என் பேரைப் போடுதேன். முகவரி அப்படியே கிடக்கு. இப்ப அந்தக் கார்டைக் காட்டி, என் வீட்டுக்கு நீல பெயிண்ட் அடின்னு ஆளை அனுப்புனா?"

"எங்க வீட்டுக்கு அடிச்சுட்டுப் போவான்."

"அதாக்கும் நடந்துது. கார்டு ரெண்டு. வீடு ஒண்ணு. பையனோட கிரகங்களைக் கணக்குப் போட்டு எழுதினப்ப, பெண்ணோடது அழிஞ்சுட்டு. பின்ன ரெண்டு பேருக்கும் புள்ளி போட்டா, பையனையும் பையனையும்தான் பாக்குது. சமமா வராம என்ன செய்யும்?"

சத்தியநேசன் சுவரைப் பார்த்தார். சுவரில் அவரே மாட்டிய ராசிச் சக்கரம் இருந்தது.

"அப்ப எனக்கும் அவளுக்கும்?"

"தெரியாது சார். சரி பண்ணிட்டுப் பாக்கலாம்."

"வேண்டாம். இனி பாக்க வேண்டாம்."

அன்றே திருத்தினாள். பையனுக்கு என்று புதிதாக ஓர் இடம் எடுத்து, ஒன்பது கிரகங்களையும் ஒவ்வொன்றாக அங்கே எழுதினாள். ஓட்டிப் பார்த்தாள். புள்ளிகள் வேறு வேறாக வந்தன. சத்தியநேசன் கை தட்டப் போனார். அவள் கையைக் காட்டி நிறுத்தி, அடுத்த பக்கத்தைப் பார்த்தாள்.

"தசை ரெண்டு பேருக்கும் இன்னும் ஒண்ணாத்தான் இருக்கு."

"அது எப்படி?"

"கிரகத்துக்குள்ள தசை அட்டவணையோட முகவரி இருக்கு. கிரகம் புதுசு. முகவரி பழசு. இன்னும் ஒரு படி கீழ போகணும்."

"எத்தனை படிதான் போவே?"

"முகவரி தீருற வரைக்கும். வெறும் எண் மட்டும் இருக்கிற இடம் வந்தா நிறுத்தலாம்."

சத்தியநேசன் அவளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த எந்த ஆளும் ஒரு படியோடு நின்றிருப்பான். புள்ளி மாறி வந்தவுடன் கடையைப் பூட்டியிருப்பான். அவள் முகத்தில் சலிப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. தப்பு அவளுடையது என்பதை அவள் மறைக்கவில்லை. அதைப் பற்றி வருத்தப்பட்டு நேரத்தை வீணாக்கவும் இல்லை. இறங்கிக்கொண்டே இருந்தாள்.

தெருவில் விளக்கு எரியத் தொடங்கும்போது எழுந்தாள்.

"முடிஞ்சுது. இனி சொல்லணும்."

"யாருக்கு?"

"வாங்கிட்டுப் போனவங்களுக்கு."

ஒருவரைத் தவிர மற்றவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். காகிதத்தைக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று ஒரு கார்டு போட்டால் போதும். ஒருவருக்குத்தான் கார்டு போட முடியாது. மங்கலம்.

மங்கலத்தின் அப்பா தாணுலிங்கம். சாலை பஜாரில் இரும்புக் கடை. மகளுக்கு முப்பத்தொரு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எட்டில் செவ்வாய் என்று வந்த சம்பந்தங்கள் எல்லாம் போயின. போன வாரம் நாகர்கோவில் பையன் ஒருவனின் ஜாதகத்தோடு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நீலகண்டன், கட்டட வேலை ஓவர்சியர். பிரிண்டர் நாலே கால், நாலே கால் என்று அடித்தது. தாணுலிங்கம் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு வீட்டிலும் சம்மதம். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலம்.

பாகீரதி திருத்திய புரோகிராமில் போட்டுப் பார்த்தாள். பையன்: நாலே கால். பெண்: பதினொன்று.

சத்தியநேசன் கதவைச் சாத்தினார்.

"பிள்ளே, நான் ஒண்ணு கேக்கேன். நீ இதை நம்புதியா?"

"இல்ல."

"பின்ன என்ன? நானும் நம்பல. பொருந்துதுன்னு நெனச்சா அந்தக் கொச்சுக்குக் கல்யாணம் நடக்கும். பொருந்தலேன்னு நீ போய்ச் சொன்னா நிக்கும். ஒரு தப்பால ஒரு நல்லது நடந்தா நடந்துட்டுப் போகட்டும்."

"அவிய நம்புதாவ சார்."

"அதனால?"

"நான் ஜாதகம் விக்கல. கணக்குதான் வித்தேன். கணக்கு தப்பு."

"அந்தப் பொண்ணோட வாழ்க்கை?"

"அதனாலதான் அவகிட்ட சொல்லப் போறேன். அவ அப்பாகிட்ட இல்ல. எதைச் செய்யணும்னு அவ சொல்லட்டும்."

சத்தியநேசன் கதவைத் திறந்துவிட்டார்.

பாகீரதி எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லியனுப்பியதால் மங்கலம் மறுநாள் மதிய இடைவேளையில் வந்தாள். உயரமானவள். காதில் ஹெட்போன் பட்ட தழும்பு இருந்தது. பெஞ்சில் உட்காராமல் நின்றபடி கேட்டாள். பாகீரதி எதையும் மென்மையாக்கவில்லை. ரேஷன் கார்டையும் பெயிண்டையும் சொன்னாள். பழைய புரோகிராம் இருந்த பிளாப்பியைப் போட்டு ஓட்டினாள். பிறகு புதியதைப் போட்டு ஓட்டினாள். இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டு நம்பர் கொடுத்துட்டு ஒரே லைனை இழுத்துட்டிய" என்றாள் மங்கலம்.

"ஆமா."

"எங்க ஆபீஸ்ல தினம் நடக்கும். ஒருத்தர் பேசுறது இன்னொருத்தர் வீட்டுல கேக்கும்."

"இதுல கேக்கல. அழிச்சுட்டு."

மங்கலம் தன் ஜாதகக் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தாள். போன வாரம் அச்சான அதே காகிதம். மடிப்புகளில் நைந்திருந்தது.

"இது சரியாத்தானே இருக்கு? எட்டுல செவ்வாய் அப்படியே நிக்கி."

"அது நீலகண்டன் விவரத்தை அடிக்கிறதுக்கு முன்னாடி அச்சானது. அப்ப நீங்க இருந்தீங்க."

"அவரு வந்தப்புறம்?"

"உங்க பேரு இருந்துது. நட்சத்திரம் இருந்துது. கிரகம் எல்லாம் அவரோடது."

மங்கலம் முதல் தடவையாகச் சிரித்தாள். "நல்ல மெஷினாக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் நடக்குறதை முன்னாடியே நடத்திட்டு."

சத்தியநேசனும் சிரித்துவிட்டார். பாகீரதி சிரிக்கவில்லை.

"நான் எழுதினதுல வந்த தப்பு அக்கா. மன்னிக்கணும்."

மங்கலம் பெஞ்சில் உட்கார்ந்தாள். "நான் அன்னைக்கே யோசிச்சேன். எட்டுல செவ்வாய் வச்சுக்கிட்டு நாலே காலான்னு. சின்ன வயசுலேருந்து எத்தனை ஜோசியர் முன்னாடி உக்காந்திருக்கேன். எனக்குக் கணக்கு தெரியாதா? அப்பா மெஷின் பொய் சொல்லாதுன்னாரு. நானும் சரின்னு இருந்துட்டேன்." காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "இருந்திருக்கக் கூடாது."

கீழே பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில், நாகர்கோவில் என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தான்.

"அப்பாகிட்ட நாங்க சொல்லணுமா?" என்றாள் பாகீரதி.

"வேண்டாம். முதல்ல கட்டப்போறவருகிட்ட சொல்லணும். நானே சொல்லுதேன்."

"எப்படி?" என்றார் சத்தியநேசன்.

"நாகர்கோவிலுக்கு டிரங்க் கால் போட்டு. வேற எனக்கு என்ன தெரியும்?" எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். "நீங்க சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது இல்லியா?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் பாகீரதி.

மங்கலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு படியிறங்கினாள். இடைவேளை முடிய நேரம் இருந்தும் வேகமாக இறங்கினாள்.

அவள் போனபிறகு சத்தியநேசன் ராசிச் சக்கரத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டினார். நேராக மாட்ட முடியவில்லை.

"நின்னுருமா?"

"தெரியாது சார்."

"உனக்கு உறக்கம் வருமா?"

"வராது. ஆனா சொல்லாம இருந்திருந்தாலும் வராது."

வியாழக்கிழமை மதியம் நீலகண்டன் வந்தார். மங்கலமும் கூட வந்தாள். நாகர்கோவில் பஸ் பாலராமபுரத்தில் பழுதாகி நின்றதால் ஒரு மணி நேரம் தாமதம் என்றார். மெலிந்தவர், சட்டைப் பையில் இரண்டு பேனா. பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மங்கலம் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது.

"போன்ல சொன்னாங்க. பாதி புரிஞ்சுது. மூணு நிமிஷம் முடிஞ்சதும் கட்டாயிட்டு."

"நான்தான் கட் பண்ணுனேன்" என்றாள் மங்கலம். "அதுக்கு மேல பேச எனக்கு ஒண்ணும் இல்ல."

பாகீரதி முதலிலிருந்து சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. ஓவர்சியர் என்பதால் பெயிண்ட் உதாரணத்தில் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"முகவரியை மட்டும் எழுதாம வீட்டையே காப்பி எடுக்க எவ்வளவு இடம் கூடுதலா வேணும்?"

"கொஞ்சம் வேணும். இடம் இருந்துது. நான்தான் மிச்சம் பிடிச்சேன்."

"எங்க ஆளுங்களும் இப்படித்தான். ஒரு பிளானை வாங்கி நாலு வீட்டுக்குக் கட்டுவானுங்க. கடைசி வீட்டுல கிணறு நடு ஹால்ல வரும்."

சத்தியநேசனுக்குச் சிரிப்பு வந்தது. மங்கலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிய பக்கம் அச்சாகி வந்தது. நீலகண்டன் அதை வாங்கி முழுவதும் படித்தார். நாலே கால். பதினொன்று. கீழே ஒரு வரி: பாபசாம்யம் இல்லை. அந்த வரியைப் படித்த பிறகும் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை.

"இதை அம்மாகிட்ட காட்டணும்" என்றார்.

"காட்டணும்" என்றாள் மங்கலம். "அதுக்குத்தானே வரச் சொன்னேன்."

"அம்மா அழுவா."

"அழட்டும். நாளைக்குத் தாம்பூலம் மாத்தினப்புறம் அழுறதுக்கு இன்னைக்கு அழட்டும்."

நீலகண்டன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "தாம்பூலம் மாத்துறது நிக்கும்னு நான் சொன்னேனா?"

மங்கலம் தலை நிமிர்ந்தாள்.

"பொருந்துதுன்னு வந்த காகிதத்தைக் கிழிக்கணும்னு டிரங்க் கால் போட்டு ஒருத்தங்க சொல்லுதாங்க. இதுக்கு மேல அம்மாகிட்ட நான் எதைக் காட்ட? அழுவா. பின்ன சம்மதிப்பா. எங்க அம்மாவை எனக்குத் தெரியாதா? இது என் கூட இருக்கட்டும்." காகிதத்தை நாலாக மடித்துப் பேனாக்களுக்குப் பின்னால் வைத்தார்.

பிரிண்டர் ஓசை நின்றிருந்தது. பாகீரதி கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பி, செய்ய எதுவும் இல்லாத விசைப்பலகையில் தூசி துடைத்தாள். சத்தியநேசன் அதைப் பார்த்தார்.

நீலகண்டன் எழுந்தார். போகவில்லை. மெஷினின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இவங்க பேரை முதல்ல அடிச்சிய. அதனாலதான் என் கிரகம் இவங்களுக்கு வந்துது. இல்லியா?"

"ஆமா."

"என் பேரை முதல்ல அடிச்சிருந்தா?"

பாகீரதி யோசிக்கவில்லை. "இவங்களோடது உங்களுக்கு வந்திருக்கும். பதினொன்று, பதினொன்று."

"அப்பவும் சமம்."

"சமம். ஆனா அதுவும் தப்புதான்."

"தப்புன்னு தெரியும். யாருக்கும் காட்ட இல்ல." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இருண்ட திரையைக் குனிந்து பார்த்தார். "இவங்க செவ்வாய் என் எட்டாம் வீட்டுல வந்து நின்னா எப்படி இருக்கும்னு ஒருக்கா பாக்கணும். அந்தப் பழைய பிளாப்பி இருக்கா?"